சுவிஸ் ஈட்டிப்படையை நிறுத்துவது துப்பாக்கியா, பள்ளமா?

ஜனவரி 9

மேசைமேல் சிறு உருவங்களை வைத்துப் பழைய போர்களை ஆடும் விளையாட்டைப் பற்றி வாசகர் ஒருவரின் கேள்வி: "இத்தாலியப் போர்க்காலப் படைகளை 28 மில்லிமீட்டர் உருவங்களில் வண்ணம் தீட்டி ஆடுகிறோம். எந்த விதிகளை எடுத்துக்கொண்டாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. சுவிஸ் ஈட்டிப்படை எதிரில் வந்த எல்லாவற்றையும் உடைத்துவிடுகிறது. அல்லது ஆர்க்கபஸ் துப்பாக்கிகளுக்கு முன்னால் இரண்டே சுற்றுகளில் கரைந்துபோகிறது. விதியில் எந்த எண்ணை மாற்றினால் இது சீராகும்?"

எந்த எண்ணை மாற்றினாலும் சீராகாது என்பதே என் கருத்து. துப்பாக்கியின் வலுவைக் கூட்டினால் சுவிஸ் படை எப்போதும் தோற்கும். குறைத்தால் எப்போதும் வெல்லும். குறை மேசையில் இருக்கிறது: அங்கே பள்ளம் இல்லை.

1503 ஏப்ரல் 28 அன்று இத்தாலியின் செரிஞோலாவில் ஸ்பானியத் தளபதி கொன்சாலோ தெ கோர்தொபா, திராட்சைத் தோட்டச் சரிவின் அடியில் பள்ளம் வெட்டி, தோண்டிய மண்ணைப் பின்புறம் மேடாக்கி, அங்கே துப்பாக்கி வீரர்களை நிறுத்தினார். போரின் தொடக்கத்திலேயே ஸ்பானியரின் பீரங்கி வெடிமருந்து தீப்பற்றி வெடித்துவிட்டதால், அன்றைய வேலையின் பெரும்பகுதி ஆர்க்கபஸ் வீரர்களின் கையில்தான் விழுந்தது. பிரெஞ்சுத் தளபதியான நெமூர் கோமகன், பள்ளத்தைக் கடக்க வழி தேடி அதன் ஓரமாகவே குதிரையைச் செலுத்தியபோது சுடப்பட்டு இறந்தார். 1522 ஏப்ரல் 27 அன்று மிலானுக்கு வடக்கே பிகோக்காவிலும் இதுவே நடந்தது. வயலுக்கும் மாளிகைத் தோட்டத்துக்கும் இடையே ஒரு தாழ்ந்த சாலை. அதற்கு அப்பால் புனித ரோமப் பேரரசின் தளபதி புரோஸ்பெரோ கொலோன்னா எழுப்பிய மண்மேடு. மேட்டின் மேல் அதே தரப்புத் தளபதி பெஸ்காராவின் ஆர்க்கபஸ் வீரர்கள் நான்கு வரிசைகளில். பிரெஞ்சுத் தரப்பில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் படையினர் சுமார் 3000 பேரை அங்கே இழந்தார்கள்.

நம் மேசைகளில் பச்சைத் துணி, இரண்டு குன்றுகள், ஒரு தோப்பு, அழகுக்காக ஒரு தேவாலயம் ஆகியவை இருக்கின்றன. தேவாலயத்துக்குச் செலவிடும் உழைப்பில் பாதியை மண்மேட்டுக்குச் செலவிட்டால், கேட்ட கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஜனவரி 10

பள்ளத்தால் என்ன நேர்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம்.

ஆர்க்கபஸ் ஓரளவு நம்பிக்கையோடு தாக்கக்கூடிய தூரத்தை 100 மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். விரைந்து நடக்கும் ஈட்டிப்படை அந்தத் தூரத்தை ஒரு நிமிடத்தில், அல்லது அதைவிடச் சற்றே கூடுதலான நேரத்தில் கடந்துவிடும். மருந்தைக் கொட்டி, குண்டை இடித்து, திரியைச் சரிபார்த்து மீண்டும் சுடுவதற்குத் துப்பாக்கி வீரனுக்கும் ஏறத்தாழ அதே நேரம் ஆகும். ஆகவே வெட்டவெளியில் ஒரு வீரன் ஒரு முறை சுடுவான். மனத்திடம் உள்ளவன் இரண்டாம் முறையும் சுடுவான். அதற்குள் ஐந்து மீட்டர் நீள ஈட்டிகள் அவன் முகத்துக்கு நேரே வந்துவிடும். நடுவில் ஒரு பள்ளம் இருந்தால், முன்வரிசை இறங்கித் தடுமாற, பின்வரிசைகள் முட்டி நிற்க, அந்த ஒரு நிமிடம் பல நிமிடங்களாக நீள்கிறது. பள்ளம் யாரையும் கொல்வதில்லை. சுடுவதற்கான நேரத்தை வாங்கித் தருகிறது.

விதியில் இதை எழுதுவது கடினமன்று. துப்பாக்கியின் எட்டும் தூரம் 10 சென்டிமீட்டர், ஈட்டிப்படையின் நகர்வு 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெட்டவெளியில் பாதுகாப்பாளருக்கு ஒரே ஒரு பகடை வீச்சுதான் கிடைக்கும். பள்ளத்தின் விளிம்பில் படை கட்டாயமாக நிற்க வேண்டும். அடுத்த சுற்றில் இறங்கிக் கடக்க வேண்டும். கடக்கும் சுற்றில் பின்வரிசைகளால் வரும் கூடுதல் மதிப்பு கிடையாது. இவ்வளவே போதும். வெட்டவெளியில் ஒரு வீச்சு, பள்ளத்தின் முன் மூன்று வீச்சு. துப்பாக்கியின் வலுவைத் தொடவே வேண்டாம்.

ஜனவரி 14

மறுப்பு ஒன்று வந்திருக்கிறது, நல்ல மறுப்பு. "1515 செப்டம்பரில் மரிஞானோவில் சுவிஸ் படை தோற்றது. பிகோக்காவைப் போன்ற மண்மேடு அங்கே எது?"

மரிஞானோ இரண்டு நாள் போர், அங்கே சுவிஸ் படை பிரெஞ்சுக்காரரை எதிர்த்து நின்றது. 13ஆம் தேதி மாலையில் தொடங்கி, இருட்டிய பிறகும் நிலவொளியில் நடந்து, மறுநாள் விடியலில் மீண்டும் மூண்டது. அங்கே பீரங்கிகளுக்கு முன்னால் சிறு பள்ளங்கள் இருந்தன என்றாலும் அவை மட்டுமே போரைத் தீர்மானித்தன என்று சொல்லத் துணியமாட்டேன். பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவின் கவசக் குதிரைப்படை மீண்டும் மீண்டும் பக்கவாட்டில் பாய்ந்தது. ஈட்டிப்படையை உடைக்க அதனால் முடியவில்லை. ஆனால் குதிரை வரும்போதெல்லாம் ஈட்டிப்படை நின்று, ஈட்டிகளை நான்கு பக்கமும் திருப்ப வேண்டியிருந்தது. நின்ற படை பீரங்கிக்கு எளிய இலக்கானது. 14ஆம் தேதி பிரெஞ்சுக்காரருக்குத் துணையாக வெனிஸின் படை வந்து சேர்ந்ததும் கதை முடிந்தது.

எனவே பள்ளம் என்ற சொல்லைச் சற்று விரித்துக்கொள்கிறேன். ஈட்டிப்படையை நிற்க வைக்கும் எதுவும் பள்ளத்தின் வேலையைச் செய்கிறது. பல விதிகளில் குதிரைப்படை ஈட்டிப்படையின் மேல் பாய்ந்தால் பகடையில் தோற்றுப் பின்வாங்கும். அத்தோடு விஷயம் முடியும். அப்படி எழுதப்பட்ட விதியில் மரிஞானோவை ஆடவே முடியாது, ஏனெனில் பிரெஞ்சு ஆட்டக்காரருக்குக் குதிரைகளை அனுப்புவதால் எந்தப் பயனும் இல்லை. தோற்றுப் பின்வாங்கும் குதிரைப்படையும் ஈட்டிப்படையின் அடுத்த நகர்வைப் பறிக்க வேண்டும். இந்த ஒரு வரியைச் சேர்த்த பிறகு எங்கள் மேசையில் கவசக் குதிரைப்படை முதல் முறையாகப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கத் தகுந்ததாயிற்று.

1513 ஜூன் 6 நொவாரா இதற்கு நேர் எதிரான சான்று. விடியலில், பிரெஞ்சு முகாம் ஆயத்தமாகும் முன்பே சுவிஸ் படை வந்து விழுந்தது, பீரங்கிகளைப் பிடித்தது, லாண்ட்ஸ்க்னெக்ட் என்ற ஜெர்மானியக் கூலிப்படையைச் சிதைத்தது. நிற்க வைக்க எதுவும் இல்லாதபோது அந்தப் படை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஜனவரி 15

ரவென்னாப் போரைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 1512 ஏப்ரல் 11 அன்று அங்கே ஸ்பானியர்களுக்குப் பள்ளமும் இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. ஆனால் பிரெஞ்சுத் தளபதி கஸ்தோன் தெ ஃபுவா உடனே பாயவில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பீரங்கிச் சண்டையே நடந்தது. பிரெஞ்சுத் தரப்பில் இருந்த ஃபெராரா கோமகன் அல்ஃபொன்சோ தெஸ்தே தம் பீரங்கிகளைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய் அகழ்ந்த அரணுக்குள் சுட்டார். காலாட்படை தரையில் படுத்துக்கொண்டது. குதிரைகள் படுக்க முடியாது. பொறுக்க முடியாமல் ஸ்பானியரின் குதிரைப்படை வெளியே வந்து பாய்ந்தது; பாதுகாப்பின் கட்டு அங்கேதான் அவிழ்ந்தது. ஆகவே பள்ளம் வைத்து ஆடுபவர்கள், எதிர்த்தரப்புக்குப் பீரங்கியும், அதை நகர்த்தப் போதிய சுற்றுகளும் கொடுக்க வேண்டும். கஸ்தோன் வென்ற பிறகு, பின்வாங்கிய ஸ்பானியக் காலாட்படையைத் துரத்திப்போய் உயிரிழந்தார். தளபதி உருவத்தை முன்வரிசையில் வைத்து ஆடும் நண்பர்கள் கவனிக்க.

ஜனவரி 22

பேச்சு வண்ணத்துக்குத் திரும்பியிருக்கிறது. லாண்ட்ஸ்க்னெக்ட் உருவங்களை எப்படித் தீட்டுவது என்று கேட்பவர்கள் அனைவரும், கோடிட்ட கால்சட்டையையும் கீறிய சட்டைக்கையையும் கண்டு அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் கால் பங்குக்குத்தான் காரணம் உண்டு.

அக்காலத்தில் சீருடை கிடையாது. ஒவ்வொருவனும் தன் பணத்தில் தனக்குப் பிடித்ததை அணிந்தான். ஆனால் சாயங்கள் சிலவே: மஞ்சிட்டி இனத்துச் சிவப்பு, நீலச்செடியின் நீலம், தாவர மஞ்சள், அவற்றின் கலப்பில் வரும் பச்சையும் செம்பழுப்பும், சாயம் ஏற்றாத கம்பளியின் சாம்பலும் வெண்மையும். ஆழ்ந்த கறுப்பு விலை உயர்ந்தது. அதை அதிகாரிகளுக்கும் இரட்டைச் சம்பளம் பெற்ற முன்வரிசை வீரர்களுக்கும் விட்டுவிடுங்கள். நான் ஒரு படைத்தொகுதிக்கு ஐந்து நிறங்களுக்கு மேல் எடுப்பதில்லை. ஒருவனின் இடக்காலில் இருக்கும் சிவப்பு, பக்கத்தில் நிற்பவனின் தொப்பியிலும், அவனுக்குப் பின்னால் இருப்பவனின் உட்துணியிலும் வரும். அருகில் பார்த்தால் ஒருவரும் ஒருவரைப் போல இல்லை. மேசைத் தூரத்தில் எல்லோரும் ஒரே படை. பன்னிரண்டு நிறங்களைத் தனித்தனியாகத் தூவினால் அந்த ஒருமை வராது. அள்ளி இறைத்த மணிகளைப் போல் படை சிதறித் தெரியும்.

கீறல்களுக்கு: கறுப்பு அல்லது ஆழ்பழுப்புப் பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். சட்டையின் நிறத்தைப் புடைப்புகளில் மட்டும் ஏற்றுங்கள். கீறல் பள்ளங்களில் உட்துணியின் வெளிர் நிறத்தை மெல்லிய கோடாக இழுங்கள். இரண்டுக்கும் நடுவே பிரைமரின் இருள் ஒரு மயிரிழை தெரியுமாறு விடுங்கள். அந்த இருண்ட இழைதான் எல்லா வேலையையும் செய்கிறது. அதன் மேல் வாஷ் (பள்ளங்களில் தேங்கும் நீர்த்த வண்ணம்) ஊற்றத் தேவையில்லை. ஊற்றினால் இழை கலங்கிவிடும். கவசத்துக்கு மட்டும் வாஷ் போதும்.

அடையாளக் குறிகளை மறக்க வேண்டாம். சுவிஸ் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் வெண் சிலுவை. பேரரசுப் படைக்குச் சிவப்பு. உடையில் வேறுபாடு இவ்வளவு குறைவாக இருந்ததால்தான் அந்தக் குறிகள் தேவைப்பட்டன.

ஜனவரி 23

நேற்றைய குறிப்புக்குத் துணையாக ஈட்டியின் நீளம். 28 மில்லிமீட்டர் உருவத்தை ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு என்று கொண்டால், ஐந்து மீட்டர் ஈட்டி 83 மில்லிமீட்டர் வரும். ஐந்தரை மீட்டர் ஈட்டி 92. பெட்டியோடு வரும் சில பிளாஸ்டிக் ஈட்டிகள் இதைவிடக் குட்டையானவை. உடையும் என்ற பயத்தில் அப்படிச் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். எஃகுக் கம்பி வாங்கி, நுனியைக் குறட்டால் தட்டையாக்கி அரத்தால் தேய்த்துக்கொண்டால் நீளமும் கிடைக்கும், உறுதியும் கிடைக்கும். கையைத் துளையிட்டுச் செருகிய பிறகே ஒட்டுங்கள். மேலோட்டமாக ஒட்டியது ஒரே ஆட்டத்தில் கழன்றுவிடும். முன் இரண்டு வரிசைகளைக் கிடையாகவும், மூன்றாவதைச் சாய்வாகவும், மற்றவற்றைச் செங்குத்தாகவும் வைத்தால் பார்வைக்கு நகரும் படையாக இருக்கும். கிடையாக நிற்கும் நுனிகள் கூர்மையானவை; குழந்தைகள் வரும் வீட்டில் இவற்றை மூடிய பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கொடிகள் முன்வரிசையில் வேண்டாம். ஊரியின் மஞ்சளில் கறுப்புக் காளைத்தலை, பெர்னின் கரடி, சூரிக்கின் நீலமும் வெண்மையும் ஆகிய அனைத்தும் படையின் நடுவே, பரசு ஏந்திய காவலர் சூழ நின்றவை. நடுவில் வைத்தால் நாம் வரைந்த கொடி முன்வரிசைகளால் மறைகிறதே என்ற மனக்குறை எனக்கும் உண்டு. இருந்தாலும் நடுவிலேயே வைக்கிறேன்.

பிப்ரவரி 2

ஜனவரி 10 கணக்கை ஒருவர் தொடர்ந்து போட்டுப் பார்த்து, "உருவத்தின் அளவில் பார்த்தால் 100 மீட்டர் என்பது 1.67 மீட்டர் ஆகிறதே, அது மேசையின் அகலத்துக்கே வந்துவிடுமே" என்று கேட்கிறார். ஆம். உருவத்துக்கு ஓர் அளவு, நிலத்துக்கு வேறோர் அளவு. இந்த விளையாட்டு முழுவதும் அந்த இரட்டை அளவின் மேல்தான் நிற்கிறது. நிலத்தில் 1 சென்டிமீட்டர் 10 மீட்டர் என்று வைத்தால், 1.8 மீட்டர் மேசையில் 1800 மீட்டர் போர்க்களம் அடங்கும். துப்பாக்கிக்கு 10 சென்டிமீட்டர் கிடைக்கும். பார்வைக்கு உருவம், அளவைக்கு அது ஒட்டியிருக்கும் அடித்தட்டு என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

ஆனால் இந்தக் கேள்வி என்னை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோனது. 3600 பேர் கொண்ட ஈட்டிப்படை 60 பேர் அகலமும் 60 வரிசை ஆழமும் கொண்டு நிற்கிறது என்போம். ஆளுக்கு முக்கால் முதல் ஒரு மீட்டர் அகலம் கொடுத்தால் முகப்பு 60 மீட்டருக்குள் அடங்கும். நடப்பதற்கும் ஈட்டியைத் தாங்குவதற்கும் வரிசைக்கு இரண்டு மீட்டர் கொடுத்தால் ஆழம் 120 மீட்டர். மேசையில் 6 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் ஆழம். வழக்கமான 60 மில்லிமீட்டர் முகப்புள்ள ஒரே அடித்தட்டும் அதன் பின்னால் சிலவும்தான்!

நாம் மேசையில் வைப்பதோ இதற்கு நேர் மாறானது. உருவங்கள் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நான்கைந்து அடித்தட்டுகளை அகலவாக்கில் பரப்பி, இரண்டு வரிசை ஆழத்தோடு நிறுத்திவிடுகிறோம். அப்படிப் பரப்பிய படையின் மேல் எத்தனை துப்பாக்கிகள் குறிவைக்க முடியும் என்று பாருங்கள். முகப்பு நான்கு மடங்கு பெருகினால் குறிவைக்கும் துப்பாக்கிகளும் நான்கு மடங்கு பெருகும். கேள்வி கேட்டவரின் சுவிஸ் படை இரண்டு சுற்றுகளில் கரைவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குறுகலாக, ஆழமாக நிறுத்தி ஒரு முறை ஆடிப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். என் மேசையில் அந்த மாற்றத்தைச் செய்தபோது ஆட்டத்தின் தோற்றமே மாறியது: களத்தில் பெரும் வெற்றிடங்கள் தோன்றின, அந்த வெற்றிடங்களில் குதிரைப்படைக்கு வேலை வந்தது.

பிப்ரவரி 11

பாவியாப் போரைத் தவிர்த்துக்கொண்டே போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். தவிர்க்கவில்லை, அது எளிதில் அடங்காத போர் என்பதால் நேரம் எடுத்துக்கொண்டேன்.

1525 பிப்ரவரி 24. பேரரசுப் படையினர் இரவோடு இரவாக வேட்டைத் தோட்டத்தின் மதிலை உடைத்து உள்ளே நுழைந்தார்கள். இருளில் தங்களை அடையாளம் காண்பதற்காகக் கவசத்தின் மேல் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார்கள். (வண்ணம் தீட்டுபவர்களுக்கு இது பெரிய சலுகை, ஒரு படைத்தொகுதி முழுவதையும் வெள்ளையும் சாம்பலுமாக முடித்துவிடலாம்.) விடியலில் மூடுபனி. பிரான்சுவா மன்னர் கவசக் குதிரைப்படையோடு தாமே பாய்ந்தார். பாய்ந்ததில் தம் பீரங்கிகளுக்கும் எதிரிக்கும் நடுவே தாமே வந்து நின்றதால் பீரங்கிகள் ஓய்ந்தன. மரங்களின் மறைவிலிருந்து பெஸ்காராவின் ஆர்க்கபஸ் வீரர்கள் அந்தக் குதிரை வீரர்களைச் சுட்டு வீழ்த்தினார்கள். மன்னர் சிறைப்பட்டார்.

இங்கே வெட்டிய பள்ளம் இல்லை, எழுப்பிய மேடு இல்லை. துப்பாக்கி வீரர்கள் காத்திருக்கவும் இல்லை. தாங்களே எதிரியை நோக்கி நகர்ந்தார்கள். ஆகவே இந்த இழையின் தலைப்பில் உள்ள இரண்டு விடைகளில் எதுவும் பாவியாவுக்கு முழுதாகப் பொருந்தாது. ஆனால் நேரம் என்ற கணக்கு பொருந்துகிறது என்றே இப்போதும் நினைக்கிறேன். கைகலப்பில் சிக்கி நின்ற குதிரை நகராத இலக்கு. மரங்கள் துப்பாக்கிக்காரனை அடுத்த குண்டு போடும்வரை காத்தன. பள்ளம் செய்த வேலையைத் தோப்பு செய்தது. விதிக்கு வேண்டியது இதுதான்: ஆர்க்கபஸ் வீரர்களைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் உரிமை, தோப்புக்குள் அவர்களைக் குதிரை தொட முடியாது என்ற விலக்கு, கைகலப்பில் உள்ள குதிரைப்படையின் விளிம்பின் மேல் சுடும் அனுமதி. மூன்றாவதைப் பல விதிகள் மறுக்கின்றன. பாவியாவுக்கு மட்டும் அந்த மறுப்பைத் தளர்த்தி ஆடுங்கள்.

நிறத்துக்கும் உடைக்கும் சான்று தேடுபவர்கள், பெர்னார்ட் வான் ஓர்லே வரைந்து பிரசல்ஸில் நெய்யப்பட்ட ஏழு பாவியாத் திரைச்சீலைகளின் படங்களைப் பாருங்கள். அவை நேப்பிள்ஸில் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை வென்றவர்களுக்காக, பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்குப் பரிசளிக்க நெய்யப்பட்டவை. எனவே பொன்னும் பட்டும் சற்று மிகுந்தே இருக்கும். சாதாரண வீரனின் கிழிசலுக்கும் சேற்றுக்கும், தாமே கூலிப்படையில் சேர்ந்து போரிட்ட சுவிஸ் ஓவியர் ஊர்ஸ் கிராஃபின் கோட்டோவியங்கள் மேலான துணை.

பிப்ரவரி 12

மேலே சொன்ன தளர்வை நொவாராவுக்கோ மரிஞானோவுக்கோ கொண்டுபோகாதீர்கள்.

பிப்ரவரி 25

பிகோக்காவை ஆட முயன்ற ஒருவர் எழுதுகிறார்: "பள்ளம் வைத்தோம், மேடு வைத்தோம், படையைக் குறுகலாக நிறுத்தினோம். இப்போது பிரெஞ்சுத் தரப்பில் ஆடுபவர் தாக்கவே மறுக்கிறார். கண்ணெதிரே மேடு தெரியும்போது யார் போய் மோதுவார்கள்?"

பிரெஞ்சுத் தளபதி லோத்ரெக்கும் மோத விரும்பவில்லை. சுவிஸ் படையினருக்குச் சம்பளம் நிலுவையில் இருந்தது. பணம் கொடு, அல்லது ஊருக்கு அனுப்பு, அல்லது உடனே போரிடு என்று அவர்கள் நின்றார்கள். லோத்ரெக்கிடம் பணம் இல்லை. தம் தம்பி லெஸ்கனைக் குதிரைப்படையோடு சுற்றுவழியில் பாலத்துக்கு அனுப்பி, பீரங்கிகள் சுட்டு முடிக்கும்வரை சுவிஸ் படையை நிறுத்திவைக்கலாம் என்பது அவர் திட்டம். சுவிஸ் படை நிற்கவில்லை. வெட்டவெளியில் பீரங்கிக்கு ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டே வந்து, தாழ்ந்த சாலையில் இறங்கி, ஈட்டி எட்டாத உயரத்தில் இருந்த மேட்டின் அடியில் சிக்கிக்கொண்டது.

இதை ஒரே ஆட்டக்காரரிடம் கொடுத்து "நீ கட்டாயம் தாக்க வேண்டும்" என்று விதியால் மிரட்டுவது நல்ல ஆட்டம் ஆகாது. நாங்கள் பிரெஞ்சுத் தரப்பை இருவரிடம் கொடுக்கிறோம். ஒருவர் லோத்ரெக்: குதிரைப்படையும் பீரங்கியும் அவரிடம், போர் முடியும்போது படை கலையாமல் இருந்தாலே அவருக்கு வெற்றி. மற்றவர் சுவிஸ் தலைவர்: மேட்டின் மேல் முதலில் தன் கொடி ஏறினால் மட்டுமே அவருக்கு வெற்றி, பீரங்கிகள் சுடச் சுட அவருடைய மதிப்பெண் குறையும். இருவரும் ஆட்டத்துக்கு முன் தனித்தனியாகத் தங்கள் திட்டத்தை எழுதி வைக்க வேண்டும். பேசி முடிவெடுக்கக் கூடாது. இப்படி ஆடியபோது சுவிஸ் படை ஒரு சுற்றுகூடத் தாமதிக்கவில்லை. லோத்ரெக்காக ஆடியவர் கெஞ்சினார், சினந்தார், பீரங்கியை அவசரமாக இழுத்தார். அன்று எல்லோரும் நெடுநேரம் எழுந்து போகாமல் பேசிக்கொண்டிருந்தோம். இந்தப் பொழுதுபோக்கில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த மாலைகளுள் அது ஒன்று.

மார்ச் 8

கடைசியாக எஞ்சியிருந்த கேள்வி: தட்டையான மேசையில் பள்ளம் தோண்டுவது எப்படி?

தோண்ட வேண்டாம், சுற்றியுள்ள நிலத்தை உயர்த்துங்கள். 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள அடர்ந்த நுரைப்பலகை இரண்டு எடுத்து, நடுவே சாலையின் அகலத்துக்கு இடைவெளி விட்டு வைத்தால், உருவத்தின் அளவில் 1.2 மீட்டர் ஆழம் கிடைக்கும். இறங்கிய வீரனின் மார்பளவு. வயல் பக்கத்துப் பலகையின் வெளி விளிம்பை அகலமாகச் சீவி மேசையோடு கலக்குமாறு சரிவாக்குங்கள். தோட்டப் பக்கத்தில் பலகையின் மேல் இன்னொரு துண்டை வைத்து மேடாக்குங்கள். அதன் பின்புறம் துப்பாக்கிக்காரர்களின் அடித்தட்டு நிற்குமளவு படி ஒன்று விட வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுவார்கள். சாலையின் அகலம் ஓர் அடித்தட்டின் ஆழத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும்.

வெள்ளைப் பசையில் மணலும் நொறுங்கிய தேயிலைத் தூளும் கலந்து பூசி, உலர்ந்த பிறகு ஈரமண்ணின் ஆழ்பழுப்பை அடித்து, விளிம்புகளில் மட்டும் வெளிர் நிறத்தை டிரை பிரஷ் (ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மெல்லத் தேய்ப்பது) செய்யுங்கள். புதிதாக எழுப்பிய மேட்டில் புல் ஒட்ட வேண்டாம். சாலையின் வயல்பக்கச் சரிவில் ஒட்டலாம், அது பழைய சாலை. மேட்டின் நீளம் மேசையின் முழு அகலத்துக்கும் வர வேண்டியதில்லை. ஆனால் ஒரு முனையை வெறுமையாக விட்டால் எந்த ஆட்டக்காரரும் அந்த வழியாகத்தான் வருவார். ஆகவே அந்த முனையில் லெஸ்கனின் பாலத்தை வையுங்கள்.